பெயர் இல்லாத காதலர்கள்: அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் ஏன் பெயர் இல்லை?

வாசகவட்டம் எழுதியது:

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் இருமுறை, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், பத்துப் பன்னிரண்டு பேர் கூடிக் குறுந்தொகையைப் படித்து வருகிறோம். சென்ற கூட்டத்தில் கபிலர் பாடிய 25ஆம் பாடலை எடுத்துக்கொண்டோம். தலைவன் தன்னை யாரும் அறியாமல் மணந்துகொண்டு போனதைத் தலைவி தோழியிடம் சொல்கிறாள். அப்போது அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கேட்டவள், சற்று நிறுத்தி, ஒரு குருகும் இருந்தது என்கிறாள். ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பறவையின் கால்களைத் 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால' என்று அவள் நினைவில் வைத்திருப்பதைச் சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது.

பாடலைப் படித்து முடித்ததும், பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, குருகின் காலின் நிறம் வரைக்கும் சொல்லுகிற கவிஞர், அந்தப் பெண்ணின் பெயரை ஏன் சொல்லவில்லை? பெயரே இல்லாத ஒருத்திக்காக நான் எப்படி வருந்துவது? கண்ணகிக்குப் பெயர் இருக்கிறது, சீதைக்குப் பெயர் இருக்கிறது. இவர்களுக்குத் தலைவன், தலைவி என்ற பதவிப் பெயர்தானே இருக்கிறது?"

காதலைப் பாடும் அகப்பாடலில் பெயர் சுட்டுவது மரபில்லை என்று நான் பதில் சொன்னேன். ஆனால் அவர் விதி என்ன என்று கேட்கவில்லை. அந்த விதியால் பாடலுக்கு என்ன நன்மை என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. திணை (நிலமும் அதற்குரிய ஒழுக்கமும்), துறை (பாடலின் சூழல்), கூற்று (பேசுபவர் யார்) என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே வரையறுத்து வைத்துக்கொண்டு எழுதிய பாடல்களில் உண்மையான காதல் எப்படித் தங்கியது என்பதும் அதே கேள்வியின் இன்னொரு முகம் என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த கூட்டத்திற்கு முன் இதைச் சரியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். அறிந்தவர்கள் உதவ வேண்டும்.

பழைய தமிழாசிரியர் எழுதியது:

தங்கள் கூட்டத்தில் எழுந்த கேள்வி அருமையானது. அந்தத் தம்பிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். முப்பது ஆண்டுகள் வகுப்பில் பாடம் நடத்தியவன் என்ற முறையில், விதியிலிருந்தே தொடங்குகிறேன்.

'மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பிய அகத்திணையியல் சொல்கிறது. மக்களின் அன்பு ஒழுக்கத்தைப் பாடும் ஐந்து திணைகளிலும் குறிப்பிட்ட ஒருவரின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது இதன் பொருள். இந்த விதி எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டது என்பதற்கு நக்கீரரின் நெடுநல்வாடை போதும். வாடைக்காற்றும் மழையும் வாட்டும் கூதிர்காலத்தில் அரசி தனியே கட்டிலில் கிடக்கிறாள். யானைகளை வீழ்த்திப் புண்பட்ட வீரர்கள் நிறைந்த பாசறையில் அரசன் நள்ளிரவிலும் உறங்காமல் உலவுகிறான். பிரிவைப் பாடும் பாட்டு என்றே எவரும் சொல்வார்கள். ஆனால் அரசனோடு செல்பவன் ஏந்திய வேலின் தலையில் வேப்பம்பூ மாலை கட்டியிருந்தது என்று ஓர் அடி வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. பெயரைச் சொல்லாவிட்டாலும் ஆளைச் சுட்டியாயிற்று என்று கொண்டு, 188 அடிகள் உள்ள அந்தப் பாட்டைப் போரையும் அரசரையும் பாடும் புறத்திணையில் சேர்த்துவிட்டார்கள் உரைகாரர்கள். மாணவனாக இதை முதன்முறை கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு பூவுக்காக ஒரு காதல் பாட்டை வேறு வீட்டுக்கு அனுப்புவார்களா என்று ஆசிரியரிடமே கேட்டேன்.

இன்னொரு சான்று, மனத்தை இன்னும் அதிகமாகத் தொடுவது. பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவர், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மீது கொண்ட காதலைப் புறநானூற்றின் 83, 84, 85ஆம் பாடல்களில் பாடியிருக்கிறார். 'தொடிகழித் திடுதல்யான் யாய்அஞ் சுவலே. அடுதோள் முயங்கல் அவைநா ணுவலே' என்கிறார். அவனை நினைத்து மெலிந்து என் வளை கழல்கிறது, தாய் கண்டுகொள்வாளோ என்று அஞ்சுகிறேன். அவன் தோளைத் தழுவலாம் என்றால் அவையில் இருப்பவர்கள் முன் நாணுகிறேன். கலங்கித் தவிக்கும் ஒரு பெண்ணின் நேரடிச் சொற்கள் இவை. ஆயினும் அவள் காதலித்தவனுக்குப் பெயர் இருந்ததால் அகத்தில் இடம் கிடைக்காமல், கைக்கிளை, அதாவது ஒருதலைக் காதல், என்று புறத்தில் வைக்கப்பட்டது.

விதியின் பயன் என்ன என்ற கேள்விக்கு என்னுடைய விடை இது: பெயர் வந்தால் அது ஒருவருடைய செய்தியாகிவிடும். பெயரை எடுத்துவிட்டால் படிக்கிறவர் அந்த இடத்தில் தம்மை வைத்துப் பார்க்க முடியும்.

நெய்தல் எழுதியது:

ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் நக்கண்ணையார் பாடல்களைப் பற்றி ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அந்தத் திருத்தமே தம்பியின் கேள்விக்கு வேறொரு வாசலைத் திறக்கும் என்றும் நினைக்கிறேன்.

83ஆம் பாடலை மீண்டும் படித்துப் பாருங்கள். ஆறடியிலும் கிள்ளியின் பெயர் எங்கும் இல்லை. 'மையணல் காளை' என்ற அளவில்தான் அவர் நிறுத்திக்கொள்கிறார். கரிய தாடியுடைய இளைஞன், அவ்வளவே. யாரை நினைத்துப் பாடினார் என்பதைப் பாடலின் கீழே உள்ள குறிப்பு சொல்கிறது. அந்தக் குறிப்பை மறைத்துவிட்டு அந்தப் பாடலை மட்டும் யாரிடமாவது கொடுத்தால், குறுந்தொகைப் பாடல் என்றே நினைப்பார்கள். எனவே அந்தப் பெண், தான் யாரை விரும்பினேன் என்பதைப் பாட்டுக்குள் காத்தே வைத்திருந்தாள் என்று நான் எண்ணுகிறேன். பிறர் எழுதிச் சேர்த்த குறிப்புதான் அதை வெளியே கொண்டுவந்தது.

நற்றிணை 87ஆம் பாடலும் நக்கண்ணையார் பெயரில் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் மாமரத்தின் உயர்ந்த கிளையில் முள் போன்ற பல்லுடைய வௌவால் ஒன்று தொங்கியபடி உறங்குகிறது. உறக்கத்தில் அது, அழிசி என்பவனின் பெருங்காட்டில் விளைந்த நெல்லிக்கனியின் புளிப்பைக் கனவு காண்கிறது. அதுபோல நானும் அவனைக் கனவில் கண்டேன், அது கழிந்துபோயிற்று தோழி என்கிறாள் தலைவி. மாமரத்தில் தூங்கிக்கொண்டு நெல்லிக்காயைக் கனவு காணும் வௌவாலை நான் வேறு எந்த மொழிக் கவிதையிலும் படித்ததில்லை. இங்கே கவனிக்க வேண்டியது, காதலனுக்குப் பெயர் இல்லை, ஆனால் நெல்லி விளைந்த காட்டுக்கு உரியவனுக்குப் பெயர் இருக்கிறது.

அகப்பாடல்கள் முழுவதிலும் இதே வழக்கம்தான். பெயர்கள் அறவே விலக்கப்படவில்லை. ஊர்ப்பெயர், மலைப்பெயர், மன்னர் பெயர் எல்லாம் தாராளமாக வருகின்றன. காதலரின் இடத்தில் மட்டும் பெயர் வராது, உவமையின் இடத்தில் வரலாம். இதற்கு மிகச் சிறந்த சான்று மூன்று பெண்களின் தொடர்ச்சி. ஆட்டனத்தி என்னும் ஆடல் வல்லவனைக் காவிரி வெள்ளம் அடித்துக்கொண்டு போக, ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்தாள் என்ற செய்தி பரணர் பாடல்களில் வருகிறது. ஆதிமந்தியே பாடியதாகக் குறுந்தொகையில் 31ஆம் பாடல் உள்ளது. 'யானும்ஓர் ஆடுகள மகளே' என்று சொல்லும் அவள், தன் வளையை நெகிழச் செய்தவனையும் 'ஆடுகள மகனே' என்று மட்டுமே சொல்கிறாள். அகநானூறு 45ஆம் பாடலில் வெள்ளிவீதியார், ஆதிமந்தியைப் போல நானும் கலங்கித் திரிவேனோ என்று தலைவியைக் கேட்க வைக்கிறார். அகநானூறு 147ஆம் பாடலில் ஔவையார், வெள்ளிவீதியைப் போல நானும் அவனைத் தேடிப் புறப்படத் துணிந்தேன் என்று தலைவியைப் பேச வைக்கிறார். தான் விரும்பியவனின் பெயரைச் சொல்லாத ஒருத்தி, பின்னால் வந்த இன்னொருத்தியின் பாடலில் பெயரோடு உவமையாகிறாள். அவளை உவமையாக்கியவளும் அடுத்தவளின் பாடலில் பெயரோடு உவமையாகிறாள். இலக்கண விதி உணர்வை அடைத்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்த மூன்று பாடல்களையும் ஒரே அமர்வில் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. காதலருக்கு மட்டுமா பெயர் இல்லை? குறுந்தொகைப் புலவர் பலரின் இயற்பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. 'செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே' என்று எழுதியவர் செம்புலப்பெயனீரார் ஆனார். வெள்ளத்தில் கல்லில் மோதிச் சிறிது சிறிதாக இல்லாமல் போகும் நுரையைப் பாடியவர் கல்பொரு சிறுநுரையார் ஆனார். குப்பைக் கோழியார், விட்ட குதிரையார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார் என்று பட்டியல் நீள்கிறது. மீனெறி தூண்டிலாரின் பாடலில், கவண் ஒலிக்கு அஞ்சி யானை கைவிட்ட பசிய மூங்கில், மீன் சிக்கியதும் விசுக்கென்று மேலே இழுக்கும் தூண்டிலைப் போல எழுகிறது. அந்த ஒரு காட்சியே அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. தொகுத்தவர்களுக்கு இந்த மனிதர்களைப் பற்றி வேறெதுவும் தெரிந்திருக்கவில்லை போலும். ஆனால் அவர்கள் பார்த்த ஒரு பொருள் எஞ்சியிருந்தது. தலைவியின் பெயர் எஞ்சவில்லை, குருகின் கால் எஞ்சியிருக்கிறது என்று உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்.

படிப்பவர் தம்மை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பார் என்று ஐயா சொன்னதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவனை ஏற்றுக்கொள்ளும் மருதத்துத் தலைவியின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்தப் பாடல்களின் அழகை நான் மறுக்கவில்லை. இந்தக் காதலுலகில் பிரிந்து போகும் உரிமை அவனுக்கும் காத்திருக்கும் கடமை அவளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருப்பதைப் பெயரில்லாமை சற்றே மறைக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்கிறேன்.

பழைய தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, திருத்தத்தை முழுமனத்தோடு ஏற்றுக்கொள்கிறேன். நாற்பது ஆண்டுகளாகப் பாடலையும் அடிக்குறிப்பையும் ஒன்றாகவே படித்துப் பழகியதால் இந்த வேறுபாடு என் கண்ணில் படவில்லை. மருதம் பற்றிச் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் சிலப்பதிகாரத்தின் கானல்வரி நினைவுக்கு வந்தது. தம்பி பெயர் இருக்கிறது என்று எடுத்துக்காட்டிய கண்ணகியின் கதையே பெயரில்லாப் பாட்டினால்தான் திரும்புகிறது. புகாரின் கடற்கரையில் கோவலன் மாதவியிடமிருந்து யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் பாடுவது காவிரியையும் பெயரில்லாத நெய்தல் மகளையும் பற்றிய மரபுப் பாட்டு. கேட்ட மாதவி, 'மன்னும்ஓர் குறிப்பு உண்டு' என்று நினைக்கிறாள். இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று முடிவு செய்கிறாள். ஊடலோடு யாழை வாங்கி, தனக்கும் ஒரு குறிப்பு இருப்பவளைப் போலப் பெயரில்லாத தலைவனைப் பாடுகிறாள். நான் கானல்வரி பாட, இவள் வேறொருவன்மேல் மனம் வைத்துப் பாடினாள் என்று கோவலன் எழுந்து போய்விடுகிறான். அங்கிருந்து மதுரைக்குப் போகும் வழி தொடங்குகிறது.

இருவரும் அகமரபை அறிந்தவர்கள். தலைவன், தலைவி என்றால் எவரையும் சுட்டாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆயினும் காதலிக்கும் மனம் அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் ஒரு பெயரை இட்டு நிரப்பத் துடிக்கிறது. இளங்கோ அந்தத் துடிப்பை அறிந்து எழுதியிருக்கிறார்.

சீதையைப் பற்றியும் ஒரு சொல். கம்பர் மிதிலைக் காட்சிப் படலத்தில் இருவரின் கண்களும் முதன்முதலாகச் சந்திக்கும் அந்த அடியை 'அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்' என்றுதான் அமைத்தார். உலகமே அறிந்த இரண்டு பெயர்கள் கையில் இருந்தும், அந்தக் கணத்தில் அவற்றை எடுக்கவில்லை. கோவலன் கண்ணகியைக் கொஞ்சும்போதும் 'மாசறு பொன்னே வலம்புரி முத்தே' என்று போகிறதே தவிர, பெயர் சொல்லி அழைக்கவில்லை. அகமரபு காப்பியத்திற்குள்ளும் வேலை செய்கிறது.

வலிகாமத்து வாசகி எழுதியது:

நான் தமிழ் இலக்கியம் படித்தவளல்ல, வங்கியில் கணக்கெழுதியவள். இந்தத் திரியைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு எல்லோரும் போரினால் வெளியேறியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மழைக்குள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனேன். அப்பா அந்த நேரம் கொழும்பில் வேலையில் இருந்தார். அவரிடமிருந்து கடிதம் வந்து மாதக்கணக்காகியிருந்தது. ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து ஊருக்குத் திரும்பினோம். படலையைத் திறந்தால் முற்றம் முழுக்கச் சருகு. நாங்கள் உள்ளே வருவதைப் பார்த்தும் ஓடாமல் இரண்டு அணில்கள் விறாந்தைப் படியில் விளையாடிக்கொண்டிருந்தன. மனிதரைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதையே அவை மறந்திருந்தன. அம்மா வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கினார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு குறுந்தொகை 41ஆம் பாடலைப் படித்தேன். காதலர் அருகில் இருக்கும்போது திருவிழா நடக்கும் ஊரைப் போல மகிழ்ந்திருப்பேன். அவர் பிரிந்த நாளிலோ, 'மக்கள் போகிய அணிலாடு முன்றில்' உடைய தனித்த வீட்டைப் போலப் பொலிவிழந்து வருந்துவேன் தோழி என்கிறாள் தலைவி. எழுதியவரின் பெயர் அணிலாடு முன்றிலார்.

பாழடைந்த வீடு என்று யாரும் எழுதிவிடலாம். அணில் விளையாடும் முற்றம் என்று எழுத, ஆளில்லாத ஒரு முற்றத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். அந்தத் தலைவிக்குப் பெயர் இல்லை என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அப்பா 1997இல் வீடு வந்து சேரும் வரை அம்மா எப்படி இருந்தார் என்பதை அந்தப் பாடல்தான் எனக்கு விளங்க வைத்தது. அதுவரை அவர் அழவில்லை என்பதால் அவருக்கு வருத்தமில்லை என்று நினைத்திருந்தேன்.

வாசகவட்டம் எழுதியது:

உங்கள் மூவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. வலிகாமத்துச் சகோதரி எழுதியதை அச்சிட்டு வைத்துக்கொண்டேன். அவர் அனுமதித்தால் அடுத்த கூட்டத்தில் படிக்கிறேன்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு நேற்று இரவு மறுபடியும் 25ஆம் பாடலிடம் போனேன். அது களவுக்காலத்துப் பாடல் என்பதை நான் சொல்லிக்கொண்டே இருந்தேனே தவிர, அதன் பொருளை நினைத்துப் பார்க்கவில்லை. தாய்க்கும் தெரியாமல், ஊர் அலர் தூற்றிவிடுமோ என்று அஞ்சி மறைத்து வைத்திருக்கும் காதல் அது. அவன் பெயரை அவளால் உரக்கச் சொல்ல முடியாது. அவன் மறுத்துவிட்டால், இன்னார்தான் என்று எவர் முன்னும் நிறுத்தவும் முடியாது. பெயர் சுட்டாதே என்று இலக்கணம் கவிஞருக்கு இட்ட கட்டளையைத்தான் ஊர் அவளுக்கும் இட்டிருக்கிறது. அதனால்தான் அவள் அவனைக் 'கள்வன்' என்கிறாள். அதனால்தான் சாட்சிக்கு ஒரு குருகைத் தேடிப் போகிறாள். அந்தக் குருகும் அவர்களைப் பார்க்கவில்லை, ஆரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

வருகிற ஞாயிறு 25ஐயும் 41ஐயும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கப்போகிறோம். கேள்வி கேட்ட தம்பியையே 41ஆம் பாடலை வாய்விட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். கானல்வரிக்கு ஒரு முழு மாலை வேண்டும் என்பதால் அதை அடுத்த மாதத்திற்கு ஒதுக்கியுள்ளோம்.